கூடாரத்து ஒறம்பரைங்க

(கோத்தகிரி. ஜூலை மாதம். எதிர்வீடு மேகத்துக்குள் போய் வெகுநேரம் ஆகிறது. கேபிள் காலையிலிருந்தே வரவில்லை, ஆகவே சீரியலும் இல்லை. நித்யா கணினியில் ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாடிக்கொண்டிருக்கிறாள். மொறுமொறு வர்க்கித் தட்டோடு வந்த மாமியார் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறார்.)

அத்தை: ஏங்கண்ணு, யாரு இத்தனை பேரு? ஒறம்பரையா, விருந்துக்கு வந்தவங்களா?

நித்யா: இல்லீங்கத்தே. எங்கூட வர்றவங்க. எல்லாத்து மண்டைக்குள்ளயும் ஒரு புழு இருக்குது. அதை எடுக்க ஆளு தேடிப் போறோம்.

அத்தை: வைத்தியம் பாக்கப் போறதுக்கு எதுக்குக் கத்தி கபடா?

நித்யா: வழியில அடிக்க வருவாங்க.

அத்தை: அது யாரு, மரமாட்ட நிக்கிறது? எல்லாரும் பேசறாங்க, அது மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குது.

நித்யா: அது நானுங்கத்தே.

(அத்தை வர்க்கியைக் கடிக்கிறார். பதில் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சத்தமாக இருந்திருக்காது.)

நித்யா: இந்தக் கேம்ல நாம உருவாக்கற ஆளு, மத்தவங்களோட பேசறப்ப வாய்விட்டுப் பேசாதுங்க. என்ன சொல்லணும்னு நான் எழுத்துல தேர்ந்தெடுப்பேன். பேசறதெல்லாம் மத்தவங்கதான்.

அத்தை: ம்ம். அந்தத் தாடிக்காரன்?

நித்யா: கேல். மந்திரவாதி. ஒரு பாறைக்குள்ள மாட்டிக்கிட்டு கையை மட்டும் வெளிய நீட்டிட்டிருந்தான், நான்தான் இழுத்துப் போட்டேன். மந்திரத்துக்கான தெய்வத்தையே காதலிச்சவனுங்க.

அத்தை: ஆண்டாளாட்ட?

நித்யா: ஆண்டாளுக்கு ரங்கநாதர் கெடைச்சாரு. இவனுக்கு நெஞ்சுக்குள்ள வெடிகுண்டு கெடைச்சுது. அது வெடிக்காம இருக்கணும்னா மந்திர மோதிரம், மந்திரச் செருப்புன்னு ஏதாச்சும் குடுக்கணும். உள்ள இருக்கறதை உறிஞ்சிருவான், பொருளு போச்சு. மூணு கேட்டான், குடுத்துட்டேன்.

அத்தை: மூணா! அடகுக்கடையில வச்சாக்கூட மூட்டலாம். திங்கறவன்கிட்ட என்னத்த மூட்டறது?

(திரையின் மூலையில் சின்னதாய் ஓர் எழுத்து வந்து மறைகிறது.)

அத்தை: அதென்ன?

நித்யா: இப்ப அந்த அகதிங்ககிட்ட கூலி வேண்டாம்னு சொன்னேனில்ல? அது ஆஸ்டேரியனுக்குப் பிடிக்கலையாம். நாம செய்யறது யாருக்குப் பிடிச்சுது, யாருக்குப் பிடிக்கலைன்னு அங்க எழுதிக் காட்டிரும்.

அத்தை: அட! நம்மூட்டுல அப்படி ஒண்ணு இருந்தா…

(இருவரும் கொஞ்ச நேரம் திரையையே பார்க்கிறார்கள். இருவர் மனதிலும் நேற்றைய சாம்பார்தான் ஓடியிருக்கும் என்பது என் ஊகம்.)

அத்தை: …வேண்டாஞ்சாமி. ஆருடா அவன், ஆஸ்டேரியன்?

நித்யா: இந்த வெளுத்த பையன். ரத்தம் குடிக்கிற சாதி. ஏழைபாழைக்கு நல்லது செஞ்சா மூஞ்சியைத் தூக்கிக்குவான். பொய் சொன்னா, அடுத்தவன் குடியைக் கெடுத்தா சிரிப்பான்.

அத்தை: மொதல்ல அவனை அனுப்பு.

நித்யா: நேத்து ராத்திரி நான் தூங்கறப்ப கழுத்துக்கிட்ட வந்து குனிஞ்சு நின்னானுங்க.

அத்தை: ஐயையோ! உங்கூட்டுக்காரன்கிட்ட சொன்னியா?

நித்யா: கேம்லீங்கத்தே! முழிச்சுப் பாத்துட்டேன். “என்னடா”ன்னா, “பசிக்குது, கொஞ்சூண்டு குடிச்சுக்கறேன்”ங்கறான். இருநூறு வருசமா ஒருத்தன் இவனை அடிமையா வச்சிருந்திருக்கான். எலி, பூச்சின்னு குடுப்பானே தவிர மனுச ரத்தம் காட்டினதே இல்லையாம்.

(அத்தையின் கையிலிருந்த வர்க்கி பாதியில் நிற்கிறது.)

அத்தை: எலியா?

நித்யா: ஆமாங்க.

அத்தை: இருநூறு வருசமா?

நித்யா: ஆமாங்க.

அத்தை: அப்புறம் நீ என்ன சொன்னே?

நித்யா: குடிச்சுக்கோன்னுட்டேன். காத்தால எந்திரிச்சா ரத்தம் கொறைஞ்சு ஒரே அசதி.

அத்தை: பீட்ரூட் சாப்பிட்டாச் சரியாயிரும். பசின்னு வந்தவனை வெரட்டக்கூடாது. ஆனா கேட்டுட்டு எடுக்கணும், அதைச் சொல்லி வையி.

நித்யா: சித்த முன்ன அவனை அனுப்பச் சொன்னீங்க?

அத்தை: எலி விசயம் எனக்கெப்படித் தெரியும்?

நித்யா: அவனுக்குக் குரல் குடுத்தவரு நீல் நியூபன். 2023ல கேம் அவார்ட்ஸ்ல சிறந்த நடிப்புன்னு விருது வாங்கினாரு.

அத்தை: கடிச்சவனுக்கு விருதா? கடிபட்ட உனக்கு?

நித்யா: எனக்குத்தான் குரலே இல்லீங்களே.

அத்தை: ஆமா, மரம். சரி, இந்த மஞ்சப்பச்சை மூஞ்சிக்காரி?

நித்யா: லேசெல். கூண்டுக்குள்ள தொங்கிட்டிருந்தா. அங்கிருந்தே “எறக்கி விடு”ன்னு எனக்கு உத்தரவு. கெஞ்சற பேச்சே கெடையாது. எதைச் செஞ்சாலும் திட்டு.

அத்தை: இவளை விட்றாதே. நான் எஸ்டேட்டுல கொழுந்து எடை போட்டவ, எனக்குத் தெரியும். ரெட்டை இலையும் மொட்டுமாக் கிள்ளுன்னு மேஸ்திரி கத்தினா எல்லாருக்கும் கசக்கும். சாயங்காலம் தராசுல யாரு கும்பல் முன்னாடி நிக்கும்? கத்தினவ கும்பல்தான்.

நித்யா: இதுக்கு முன்ன ஸ்கைரிம்னு ஒண்ணு வெளையாடினேன், 2011ல வந்தது. அதுல லிடியா. சொமையெல்லாம் தூக்குவா. மறுபேச்சே கெடையாது. என்ன ஒண்ணு, கதவுக்கு நடுவுல நின்னுக்குவா, நாம போக முடியாது.

அத்தை: உம்மாமனாரு.

நித்யா: (சிரிப்பை அடக்கி) அவளை எங்கியோ ஒரு குகையில விட்டுட்டேன். எந்தக் குகைன்னே மறந்துபோச்சு.

அத்தை: அதான் சொல்றேன். ஒரு சண்டையாவது போட்டிருந்தா தேடியிருப்பே. இந்தக் கொம்பு வச்ச செவத்த புள்ளை?

நித்யா: கார்லாக். பத்து வருசம் நரகத்துல போர்ல கெடந்தவ. இதயத்தைப் பிடுங்கிட்டு இயந்திரத்தை வச்சுட்டாங்க. ஆனாப் பாருங்க, எப்பவும் சிரிப்புதான். யாராச்சும் கட்டிப்பிடிக்கணும்னு ஆசை. தொட்டாச் சுட்டுரும். நரகத்து இரும்பு தேடிக் குடுத்தா ஒரு கொல்லன் சரி பண்ணுவான், அப்புறந்தான் தொட முடியும்.

அத்தை: தேடிக் குடுத்தியா?

நித்யா: இன்னும் இல்லீங்க.

அத்தை: தாடிக்காரனுக்கு மூணு நகை. இந்தப் புள்ளைக்கு ஒரு இரும்புத் துண்டுக்கு வக்கில்லை.

(மூலையில் எழுத்து வரவில்லை. வராமலே புரிகிறது.)

நித்யா: நாளைக்கே தேடறேனுங்க. இப்ப எல்லாரும் தூங்கணும். ஒரு ராத்திரிக்கு 40 அளவு சாப்பாடு செலவு.

அத்தை: தின்னுட்டுப் பாத்திரம் யாரு கழுவறது?

நித்யா: அதைக் கேம்ல காட்ட மாட்டாங்க.

அத்தை: அப்பக் கேமு ஆம்பளைதான் எழுதியிருப்பான். ஏய், அதென்ன மூலையில? கரடியா?

நித்யா: பாதி ஆந்தை, பாதி கரடி. குட்டி. பக்கத்துல நாயி. அது செத்துப்போன எசமானுக்குப் பக்கத்துலயே உக்காந்து காவல் காத்துட்டிருந்துச்சு. கையை நீட்டி மோந்து பாக்க விட்டேன், அப்புறம் தானாவே கூடாரத்துக்கு வந்துருச்சு.

அத்தை: நாயி இருக்கட்டும், புண்ணியம். கரடிக்கு எதுக்கு இடம் குடுத்தே? போன மாசம் கீழ்வீட்டுக் கதவைப் பேத்து உள்ள வந்து, எண்ணெய்க் கேனைச் சொட்டு விடாம நக்கிட்டுப் போச்சே, மறந்துட்டியா?

நித்யா: இது குட்டிங்கத்தே. தடவிக் குடுக்கலாம். இந்தாங்க, இதை அமுத்துங்க.

(அத்தை அமுக்குகிறார். மறுபடி அமுக்குகிறார். மூன்றாவது முறை நித்யா மவுஸைப் பிடுங்கிக்கொள்கிறாள்.)

அத்தை: சரி, காத்தால யாரு யாரு போறீங்க?

நித்யா: நாலு பேருதான் போக முடியும். மத்தவங்க கூடாரத்துல இருப்பாங்க.

அத்தை: திட்டறவ ஒண்ணு. இரும்பு தேடணும், அதனால செவத்த புள்ளை. வெளுத்த பையன், பாவம், எலி தின்னவன். தாடிக்காரனும் வரட்டும். மூணு நகைக்கு வேலை செய்யட்டும்.

நித்யா: அதோட நாலாச்சு. நானு?

அத்தை: நீ எதுக்குக் கண்ணு? வாயும் தொறக்கறதில்லை. இருந்து பாத்திரத்தைக் கழுவு.