தொண்டைமான் என்றாலே கட்டபொம்மன் மட்டும்தானா?

தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்தைப் பற்றி யார் எழுதினாலும் "காட்டிக்கொடுத்தவர்கள்தானே" என்று யாராவது ஒருவர் ஓடிவந்து எழுதிவிடுகிறார். உண்மைதான். 1799இல் திருக்களம்பூர்ப் பக்கம் மறைந்திருந்த கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் (ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம்) ஒப்படைத்தது விஜய ரகுநாதத் தொண்டைமானின் அரசு. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு. அதற்குச் சப்பைக்கட்டு கட்ட நான் வரவில்லை. இரண்டரை நூற்றாண்டு ஆட்சியை அந்த ஒரே செயலுக்குள் அடைத்துப் பூட்டுகிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி தன் மைத்துனர் ரகுநாதத் தொண்டைமானுக்குக் கொடுத்த சீமைதான் 1686இல் தனி அரசாக வேர்விட்டது. ஒரு பக்கம் இராமநாதபுரம், மறு பக்கம் தஞ்சை மராத்தியர், மேலே ஆற்காட்டு நவாப். இவர்களுக்கு நடுவே பிழைக்க ஒரு பெரிய கை வேண்டியிருந்தது. திருச்சிக்காக நடந்த கர்நாடகப் போர்களிலேயே தொண்டைமான்கள் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 1799 அந்தக் கணக்கின் தொடர்ச்சி. கூலியாகக் கீழாநிலைக்கோட்டை கிடைத்தது. சுற்றியிருந்த பாளையங்கள் அழிந்தபோது இந்த அரசு தப்பியது.

அந்த விசுவாசத்துக்கு வெள்ளையர் காட்டிய நன்றியையும் பார்த்துவிடலாம். 1915இல் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்க்கை மணந்தார். அவரை அரசியாக ஏற்க மறுத்தார்கள்; அடுத்த ஆண்டு பிறந்த மகனுக்கு வாரிசுரிமையும் இல்லை என்றார்கள். தலைமுறை தலைமுறையாகப் படையும் நெல்லும் கொடுத்த குடும்பம், ஒரு கல்யாணத்துக்குக்கூட அவர்களிடம் அனுமதி வாங்க முடியவில்லை. மன்னர் நாட்டை விட்டே போய், 1928இல் பாரிஸில் இறந்தார். தகனம் லண்டனில். ஆங்கிலேயரை நம்பியதற்கான தண்டனை என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதைச் சொல்லக்கூட இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டுமே!

இதே மன்னர் காலத்தில்தான், எதிர்ப்பையும் மீறி, ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமிக்கு இடம் கிடைத்தது. பிற்காலத்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய பெருமையைப் பேசும்போது புதுக்கோட்டையை ஏனோ 'சொந்த ஊர்' என்ற அளவில் விட்டுவிடுகிறோம். 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி, ஊரையே நேர்நேரான வீதிகளாக மாற்றி அமைத்தார். இன்று அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பவர்கள் அதன் பலனை அனுபவிக்கிறார்கள். நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு கொடுத்த அம்மன் காசு, சமஸ்தானம் முடியும்வரை புழங்கியது. இவற்றையெல்லாம் நல்லாட்சிச் சான்றிதழாக நான் நீட்டவில்லை. குடிகள் பட்ட பாடு தனிக் கதை.

கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தபோது ஆறு வயதுச் சிறுவன். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அரண்மனை ஆட்சியர் அலுவலகமாகிவிட்டது. பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் மக்கள் வரிசையில் நிற்கும் இடம் அது. அங்கே நின்று தொண்டைமானைத் திட்டுவதற்கும் எல்லோருக்கும் உரிமை உண்டு. 1799க்கு முன்னும் பின்னும் நடந்ததைக் கொஞ்சம் படித்துவிட்டுத் திட்டுங்கள்.