அப்பா பார்த்த மொத வெளிச்சம்

போன ஞாயித்துக்கிழமை பினாங்குல கடலோரம் பாடாங் கோத்தா பக்கம் பசெம்போர் (நம்ம ஊரு ரோஜாக்) சாப்பிட்டுட்டு அப்பிடியே கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் நடந்தோம், அப்ப என் அண்ணன் பேத்தி அந்த வெள்ளை இரும்புக் கோபுரத்தைக் காட்டி "இது போன் டவரா சின்ன பாட்டி?"ன்னு கேட்டுச்சு. பிள்ளை மேல தப்பில்ல, பாக்கறதுக்கு அப்பிடித்தான் இருக்கு, கப்பல்ல நடுவுல நிக்கற கொடிமரம் மாதிரி. ஆனா பக்கத்துல நின்ன பெரியவங்க நாலு பேரும் "ஆமா அப்பிடித்தான் இருக்கும்"னு சொன்னாங்க பாருங்க, அதுதான் மனசுக்கு கஷ்டமா போச்சு. அது லைட்ஹவுஸ். 1882ல வச்சது. 21 மீட்டர் உயரம். நாம எல்லாருமே பினாங்குக்காரங்க, அதுல பாதிப் பேரு தாத்தா பாட்டி கப்பல்ல வந்து எறங்கின குடும்பம், ஆனா எந்த வெளிச்சத்தைப் பாத்து அந்தக் கப்பல் வந்துச்சுன்னு நமக்குத் தெரியல.

உண்மையில அவங்க பினாங்குல மொதல்ல பாத்தது இந்தக் கோட்டை விளக்கு இல்ல. தெலுக் பஹாங் தாண்டி, தீவோட வடமேற்கு மூலையில முக்கா ஹெட்னு ஒரு முனை, இப்ப நேஷனல் பார்க்குக்குள்ள இருக்கு, குரங்கு பீச்சுல இருந்து காட்டு வழியா மேல ஏறிப் போகணும், நல்ல செங்குத்தான ஏத்தம். 1883ல அங்க கருங்கல்லுல கட்டின கோபுரம். வெறும் 14 மீட்டர்தான். ஏன் இவ்ளோ குட்டையா கட்டினாங்கன்னு நானும் யோசிச்சிருக்கேன், காரணம் ரொம்ப சிம்பிள், குன்று 200 மீட்டருக்கு மேல இருக்கு, பூமி உருண்டையா இருக்கறதால தூரத்துல வர்ற கப்பலுக்கு வெளிச்சம் தெரியணும்னா விளக்கு உயரத்துல இருக்கணும், அந்த உயரத்தை மலையே குடுத்துருச்சு. கோட்டைகிட்ட தரை சமமா இருக்கு, அதனாலதான் அங்க இரும்புல உயரமா நிறுத்த வேண்டியதா போச்சு. அப்பறம் 1885ல தெக்குப் பக்கம் ரீமாவ் தீவுல இன்னொண்ணு. நாலு வருஷத்துக்குள்ள மூணு விளக்கு!

நம்ம ஆளுங்களுக்காக வச்சாங்களான்னா இல்ல. 1869ல சூயஸ் கால்வாய் தொறந்ததுக்கு அப்பறம் நீராவிக் கப்பல் போக்குவரத்து ஏறிப்போச்சு, ஈயம் போகணும், சரக்கு வரணும், ராத்திரியில கப்பல் பாறையில மோதக் கூடாது, அதுக்குத்தான். ஆனா அதே வெளிச்சத்துலதான் நம்ம சனங்களும் டெக்குல சுருண்டு படுத்துக்கிட்டு வந்தாங்க.

அதுக்கும் முன்னாடி வந்தவங்களும் இருக்காங்க, அதை நெனச்சா இன்னும் நெஞ்சு அடைக்கும். 1802ல சின்ன மருதுவோட மகன் துரைசாமியையும் இன்னும் எழுபது பேருக்கு மேலயும் தூத்துக்குடியில இருந்து கப்பல்ல ஏத்தி இங்கதான் நாடு கடத்தினாங்க. அப்ப இந்தக் கரையில இதுல ஒரு விளக்குகூட இல்ல. இருட்டுல வந்து சேந்திருக்காங்க.

எங்க அப்பா 1956ல வந்தாரு, ஒம்பது வயசு. நாகப்பட்டினத்துல இருந்து ரஜூலா கப்பல். 1926ல கட்டின கப்பல் அது, ஆரம்பத்துல டெக்குல மட்டும் அஞ்சாயிரம் பேருக்கு மேல ஏத்த அனுமதி இருந்துச்சாம், இப்ப யோசிச்சுப் பாருங்க. அப்பாவுக்கு கப்பல் சாப்பாடு ஞாபகம் இல்ல, ஆத்தா அழுதது ஞாபகம் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. விடியறதுக்கு முன்னாடி ஒரு கெழவி "விளக்கு தெரிஞ்சிருச்சு, எந்திரிங்கடி எந்திரிங்க"ன்னு எல்லாரையும் தட்டி எழுப்புச்சாம், அவரு எந்திரிச்சுப் பாத்தா கறுப்பா ஒரு மலை, அது உச்சியில வெளிச்சம் வருதாம் போகுதாம் வருதாம் போகுதாம். அந்தக் கெழவி யாருன்னு யாருக்கும் தெரியாது. அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போன ஆளா இருக்கணும், இல்லன்னா எப்பிடித் தெரியும்.

வருது போகுதுன்னு அப்பா சொல்றது சும்மா இல்ல. ஒவ்வொரு லைட்ஹவுஸுக்கும் தனி கணக்கு உண்டு, எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை மின்னுதுன்னு எண்ணிப் பாத்தே இது எந்த ஊருன்னு மாலுமி சொல்லிருவாரு. ஒரு மனுஷனோட குரல் மாதிரி. அதனாலதான் சொல்றேன், பாதுகாக்கறதுன்னா வெள்ளை பெயின்ட் அடிக்கறது மட்டும் கெடையாது. பெயின்டும் வேணும்தான், கடல் காத்துல இரும்பு துருப்பிடிக்கற வேகம் இந்த ஊருல வீடு வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும், சுரண்டி பிரைமர் அடிச்சு பெயின்ட் அடிச்சு, திரும்பவும் சுரண்டி, நிறுத்தவே முடியாது. கல்லு கோபுரம் தாங்கும், இரும்பு தாங்காது. ஆனா வெளக்கேத்தினவங்க, அதைப் பாத்து வந்தவங்க, அவங்க கதையையும் சேத்து வச்சாதான் அது பாதுகாப்பு. இல்லன்னா அழகா பெயின்ட் அடிச்ச போன் டவர்தான்.

நம்ம பினாங்கு ஜார்ஜ் டவுனுக்கு 2008ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டம் கெடைச்சப்ப நாம எல்லாம் எவ்ளோ சந்தோஷப்பட்டோம். கோயில், கடைவீடு, கடல்மேல சீனக் குடும்பங்க வீடு கட்டியிருக்கற கிளான் ஜெட்டி எல்லாத்தையும் படம் எடுத்துப் போடறோம். இந்த விளக்குகளை நம்ம சரித்திரம்னு நாம சொந்தம் கொண்டாடவே இல்ல, வெள்ளைக்காரன் சாமான்னு விட்டுட்டோம். எனக்கு இதுல உடன்பாடே கெடையாது. யாரு கட்டினாங்கங்கறது ஒரு பக்கம், யாரு கண்ணு அதைத் தேடுச்சுங்கறதும் சரித்திரம்தான். அந்த விளக்குங்ககிட்ட ரஜூலாவைப் பத்தி, டெக்குல வந்த சனங்களைப் பத்தி, தமிழ்ல நாலு வரி நிக்கணும். அதை எழுதிக் குடுக்க நம்மகிட்ட வாத்தியாருங்க இல்லையா, பணம் போட ஆளு இல்லையா?

ஆனா பலகையைவிட அவசரம் ஒண்ணு இருக்கு. ரஜூலா ஓட்டம் 1973ல நின்னுபோச்சு. அதுல பத்து வயசுல வந்தவங்களுக்கே இப்ப அறுபதுக்கு மேல. உங்க வீட்டுலயும் யாராவது இருப்பாங்க, தயவுசெஞ்சு உக்கார வச்சுக் கேளுங்க, எந்தக் கப்பல், எங்க படுத்தீங்க, மொதல்ல என்ன தெரிஞ்சுதுன்னு. போன்ல ரெக்கார்ட் போட்டா போதும், வேற ஒண்ணும் வேணாம்.

நான் செவ்வாக்கிழமை ராத்திரி அப்பாகிட்ட ஆரம்பிச்சேன். 42 நிமிஷம் பேசினாரு, நடுவுல ரெண்டு தடவை இருமல், ஒரு தடவை அந்தக் கெழவி மாதிரியே குரலை மாத்தி "எந்திரிங்கடி"ன்னாரு. அடுத்து கூலிம்ல இருக்கற பெரியம்மா. அவங்க 1961ல வந்தவங்க, சனிக்கிழமை போறேன்.