தராசடியில் நிற்பவனும் ஊழியக்காரன்தான்

போன ஞாயிற்றுக்கிழமை விவகாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்பாக்ஸில் "அக்கா, நீங்க ஏன் பேசாம இருக்கீங்க" என்று ஒரு பக்கமும், "விட்டுடுங்கக்கா, ஜெபம் பண்ணுங்க" என்று ஒரு பக்கமும் வந்துகொண்டே இருக்கிறது. ஜெபம் பண்ணியாச்சு. இப்போது எழுதுகிறேன்.

வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், ஒரு நிமிஷம்கூட இல்லை. மிஷனெரி ஞாயிறு. ஊழியத்துக்கு, அதாவது கர்த்தருடைய வேலைக்கு, ஒப்புக்கொடுத்தவர்கள் முன்னால் வாருங்கள் என்றார்கள். எங்கள் யூனிட்டில் எடை போடுகிற தம்பியும் எழுந்து போய் நின்றான். என்ன ஊழியம் தம்பி என்று மைக்கை நீட்டினால், "புளி யூனிட்ல எடை போடுறேன்யா" என்கிறான். அவனுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. அதற்கு வந்திருந்த பிரசங்கியார், "புளி உடைக்கிறது ஊழியம்னா எங்க வீட்டு அடுப்படிதான் சீயோன் மலை" என்றார். சபையே சிரித்தது. தம்பியும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தான், ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தது. அப்புறம் பிரசங்கத்தின் நடுவே, "இப்போ சில பேர் வியாபாரமே மிஷன்னு கிளம்பியிருக்காங்க" என்று ஒரு ரவுண்டு. அந்தச் சில பேரில் ஒருத்தி மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன் ஐயா.

என்னைச் சொன்னதைக்கூட விட்டுவிடுகிறேன். நாற்பத்தைந்தைத் தாண்டிய பொம்பளை, மண்டியில் கேட்காத பேச்சா. அந்தப் பையனை ஏன் சொன்னீர்கள்?

அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்கிறேன். எங்கள் யூனிட் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர் பக்கம். தை கடைசியில் ஆரம்பித்தால் சித்திரை வரை புளிதான். மரக் குத்தகைக்காரர்களிடம் காய் வாங்கி, ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை எடுத்து, பூப்புளியாக்கி பழையபேட்டை மண்டிக்கும் வெளியூருக்கும் போகும். உடைப்பதெல்லாம் பெண்கள். கிலோவுக்குக் கூலி. புளி உடைக்கிற கையைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? நக இடுக்கு கறுத்து, விரல் நுனி ஊறி வெடித்திருக்கும், அந்த வெடிப்பில் புளி படும்போது எரியும் பாருங்கள். சாயங்காலம் சோற்றில் கை வைக்க முடியாமல் ஸ்பூனால் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கையோடு கூடையைத் தூக்கிக்கொண்டு தராசுக்கு வருவார்கள். அங்கேதான் எல்லாம் நடக்கிறது. 9 கிலோ 700 காட்டினால் ஒன்பதரை என்று எழுதுவது இந்தத் தொழிலில் பலருக்குப் பழக்கம். சாக்குக் கழிவு என்று ஒன்று, ஈரம் என்று ஒன்று, தூசு என்று ஒன்று. டிஸ்பிளே எடை போடுகிறவன் பக்கம் மட்டும் திரும்பியிருக்கும். கேட்டால், "எல்லாருக்கும் அப்படித்தான்மா."

எங்கள் தராசின் டிஸ்பிளே பெண்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. கிராமோடு எழுதுவோம். போன சீசனில் ஒருநாள் கூடை எடையை இரண்டு முறை கழித்துவிட்டதைத் தம்பி கணக்கு முடிக்கும்போதுதான் கண்டுபிடித்தான். அந்த அம்மா அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். நாளைக்கு வரும்போது கொடுத்துக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. இருட்டின பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய், வீட்டைத் தேடி, அந்தச் சில்லறையைக் கொடுத்துவிட்டு வந்தான். ஏன்டா இந்த நேரத்தில் என்றால், லேவியராகமம் 19:13 என்கிறான். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிற வசனம். எனக்கே வசனம் சொல்கிறான்!

இவனை இயேசுவின் சீஷன் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வீர்கள்? எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். தொழில் என்பது ஊழியத்துக்குப் பணம் அனுப்புகிற இடம் மட்டும் இல்லை, தொழிலே ஊழியம் நடக்கிற இடம். தராசிலும் சம்பள நாளிலும் இயேசுவைப் பின்பற்றத் தெரியாதவன் ஞாயிற்றுக்கிழமை கைதட்டிப் பாடி என்ன ஆகப்போகிறது? கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் முதல் வசனமே சொல்கிறது. அருவருப்பு என்கிற அளவுக்குக் கர்த்தர் தராசைக் கவனிக்கிறார். நம் சபைகளில் தராசைப் பற்றி ஒரு பிரசங்கம் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? தசமபாகத்தைப் பற்றி எப்போது கேட்டீர்கள் என்று கேட்க மாட்டேன், அது வாராவாரம்.

"நேதர் ஐயர் கிருஷ்ணகிரிக்குப் புளி விக்கவா வந்தார்?" என்று ஒரு கேள்வியும் அன்றைக்கு மேடையில் வந்தது. நல்ல கேள்விதான். 1895-ல் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷன் இந்தியாவில் வேலையை ஆரம்பித்ததே நம் கிருஷ்ணகிரியில்தான், ஆரம்பித்தவர்கள் நேதரும் மோனும். 1904-ல் நேதர் ஐயர் இங்கேயே பிளேக் வந்து இறந்துபோனார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அவர் புளி விற்க வரவில்லை, சரி. ஆனால் நீங்களே மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிற மிஷனெரி வில்லியம் கேரி? செருப்புத் தைத்தவர். 1793-ல் இந்தியாவுக்கு வந்து, அடுத்த வருஷத்திலிருந்து வங்காளத்தில் அவுரித் தொழிற்சாலையில் மேலாளராகச் சில வருஷம் வேலை பார்த்தவர். அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் தாண்டிப் போகிறீர்கள்? பவுலும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவில் சேர்ந்து கூடாரத் தொழில் செய்தார்கள். எபேசு மூப்பர்களிடம் விடைபெறும்போது, என் கைகளே வேலை செய்தது என்று பவுல் கையைக் காட்டிப் பேசுகிறார். அந்தக் கைக்கும் எங்கள் பெண்கள் கைக்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் தாத்தா வீட்டுக் கூரையில் மங்களூர் ஓடு. பிரிக்கும்போது ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் பாசல் மிஷன் என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். சின்ன வயதில் அது ஏதோ கம்பெனி பேர் என்று நினைத்திருந்தேன். கம்பெனியும்தான், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மிஷனும்தான். கிறிஸ்தவர்களாக மாறியதால் சாதிக்காரர்களால் ஒதுக்கப்பட்டுப் பிழைப்பை இழந்தவர்களுக்கு வேலை வேண்டும் என்று நெசவாலை வைத்தார்கள், 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அந்த ஓடுதான் தென்னிந்தியா முழுக்கப் போனது. அவர்கள் செய்தது எல்லாமே சரி என்று சொல்லவில்லை. வேலை கொடுப்பவரும் சபை நடத்துபவரும் ஒரே ஆளாக இருந்தால் தொழிலாளி எதிர்த்துப் பேசுவது கஷ்டம். அதனால்தான் நான் அந்த இரண்டையும் கலப்பதில்லை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் புதிதாகக் கிளம்பியிருக்கிறார்கள் என்றீர்களே, இது உங்கள் தாத்தா காலத்துக்கும் முந்தியது என்பதற்காகச் சொன்னேன். 2004-ல் தாய்லாந்து பட்டாயாவில் லொசான் இயக்கத்தார் (சுவிசேஷ வேலைக்கான உலகளாவிய கிறிஸ்தவ இயக்கம்) கூடியபோது இந்த 'வியாபாரமே மிஷன்' என்பதற்கென்றே தனிக் குழு உட்கார்ந்து பேசி அறிக்கை போட்டிருக்கிறது. படியுங்கள், படிக்காமலும் இருங்கள், சிரிக்காமல் இருந்தால் போதும்.

இப்போது கமெண்டில் வரப்போவதற்கு முன்கூட்டியே பதில்.

தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியம் செய்ய முடியாது என்று ஒருத்தர் கட்டாயம் போடுவார். தெரியும். நான் வங்கிக் கடனுக்கு வட்டி கட்டுகிறவள், உலகப்பொருள் என்ன செய்யும் என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். அடுத்தது.

"சுவிசேஷத்தை அறிவிக்கிறவன் சுவிசேஷத்தாலே பிழைக்கணும்னு பவுலே சொல்லியிருக்காரே." சொல்லியிருக்கிறார். முழுநேர ஊழியருக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் எங்கேயாவது எழுதியிருந்தால் காட்டுங்கள்.

"சரிக்கா, உங்க யூனிட்ல இதுவரைக்கும் எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டாங்க?" இதுதான் என்னை ரொம்ப அறுக்கிற கேள்வி. கேட்டவர் வெளி ஆள் இல்லை, கூடவே ஜெபிக்கிறவர். எங்கள் யூனிட்டில் உட்கார்ந்து புளி உடைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. மாரியம்மன் பண்டிகைக்கு லீவு கொடுக்கிறேன், போனஸோடு. காலையில் நான் ஜெபம் செய்வது என் அறைக்குள். வர வேண்டும் என்று யாருக்கும் சொன்னதில்லை, வந்தால் கூலி கூட என்றோ வராவிட்டால் வேலை இல்லை என்றோ ஒருநாளும் கிடையாது. பசிக்கிற வயிற்றை வைத்து விசுவாசத்தைப் பேரம் பேசினால் அதுவும் கள்ளத்தராசுதான். "வேலை குடுக்கிற சாக்குல மதம் மாத்துறாங்க" என்று வெளியே இருந்து சொல்கிறவர்கள் வந்து பார்க்கட்டும், கேட் திறந்துதான் இருக்கிறது. உள்ளே இருந்து எண்ணிக்கை கேட்கிறவர்களுக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை. ஏன்க்கா இந்த யூனிட்ல மட்டும் கிராம் எழுதுறீங்க என்று யாராவது கேட்டால் ஏன் என்று சொல்வேன். கேட்டிருக்கிறார்கள், சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் நடப்பது என் கையில் இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் போட ஒரு நம்பர் இல்லை என்பதற்காக அந்தப் பையனைத் திருப்பி அனுப்புவீர்களா?

இன்னொன்றும் வரும். "கிறிஸ்தவ பிசினஸ்காரங்க லட்சணம் தெரியாதா?" இதற்கு மட்டும் என்னால் சண்டை போட முடியாது. உண்மை. நானே பட்டிருக்கிறேன். வெளியூரில் ஒரு பார்ட்டி, கடை முழுக்க வசனக் காலண்டர், போனை எடுத்தாலே ஸ்தோத்திரம் சிஸ்டர். சரக்கு இறங்குமுன் ஜெபம் பண்ணினார். பணம் மட்டும் வரவே இல்லை. எங்களை மாதிரிச் சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது, அதைச் சொன்னால், "விசுவாசிகளுக்குள்ள சட்டம் பேசலாமா சிஸ்டர்" என்கிறார். அந்த மாதம் பெண்களுக்குக் கூலி கொடுக்க வளையலை அடகு வைத்தேன். வயல் அறுத்தவர்களின் கூலி பிடிக்கப்பட்டால் அது கூக்குரலிடும் என்று வேதத்தில் யாக்கோபு எழுதியது அவர் காலண்டரில் எந்தத் தேதியிலும் இல்லை போலிருக்கிறது. ஆனால் அதே ஆள்தான் அவர் ஊர் சபையில் மிஷன் கமிட்டி. மேடையில் பொன்னாடை. ஏனென்றால் கொடுக்கிறார். எப்படிச் சம்பாதித்தார் என்று எந்தப் பாஸ்டரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள், வியாபாரியைக் கறவை மாடாக மட்டும் பார்க்கிற வரைக்கும்.

கோபம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது, தெரிகிறது. எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது, அதனால்தான்.

அப்பா மண்டியில் தராசு பிடித்தவர். பழைய தட்டுத் தராசு. கல் வைத்து, முள் அசைந்து நிற்கும் வரைக்கும் கையை எடுக்க மாட்டார். விவசாயிகள் அவர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவார்கள். எங்கள் பழைய சபையில் கூரை மாற்றும்போது தகரம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஊரே சிரிக்கிற விலைக்கு எடுப்பார். ஆனால் ஒருநாளாவது வேத பாடம் வாசிக்க அவரைக் கூப்பிட்டதில்லை. மூப்பர் ஆக்கவில்லை. "அண்ணன் நல்லவர்தான், ஆனா வியாபாரி ஆச்சே." இந்த 'ஆச்சே'வைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவர் அடக்கத்தன்று மண்டியில் பாதிக் கடை சாத்தியிருந்தது. இந்து, முஸ்லிம் வியாபாரிகள், எல்லாரும் வந்து நின்றார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது அவர் யாருடைய ஆள் என்று. நமக்குத்தான் தெரியவில்லை.

"பிரசங்கியார் சும்மா ஜோக்குக்குச் சொன்னார், இதைப் போய்ப் பெரிசு பண்றீங்களே" என்று கமிட்டியிலிருந்து ஒரு அண்ணன் போன் செய்தார். ஜோக்தான் அண்ணா. ஆனால் டாக்டர் தம்பி ஒருத்தர் முன்னால் வந்து நின்றபோது யாருக்கும் ஜோக் தோன்றவில்லையே, ஏன்? ஐ.டி.யில் இருக்கிற பிள்ளை வார இறுதியில் கிடார் வாசித்தால் அது ஊழியம். ஓசூரில் பெரிய கம்பெனியில் மேனேஜர் என்றால் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறீர்கள். புளி என்றால்தான் சிரிப்பு வருகிறது. உடைக்கிறது எந்த ஊர்ப் பெண்கள், எந்தத் தெருப் பெண்கள் என்று தெரிந்ததால் வருகிற சிரிப்பு அது. இதை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன், மேலே எழுதினால் சபைக்குள் கால் வைக்க முடியாது.

தம்பி திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டான். இனிமேல் முன்னால் போக மாட்டேன்கா என்றான், அவ்வளவுதான். போடா, அடுத்த வருஷமும் போய் நில், நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நிற்கத்தான் போகிறேன். மைக்கை நீட்டினால் எனக்கும் சொல்ல இருக்கிறது.

கடைசியாக, கன்வென்ஷன் சாப்பாட்டுக்கு வழக்கம்போல ஒரு மூட்டைப் புளி அனுப்பச் சொல்லி நேற்று கமிட்டியிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. அனுப்புகிறேன். புதுப்புளி, கொட்டை, நார் இல்லாதது. இந்தத் தடவை பில் போட்டு அனுப்புகிறேன், எடை கிராமோடு இருக்கும், சரிபார்த்து 45 நாளுக்குள் பணம் கட்டிவிடுங்கள்.