கார்டு இருக்கிறது, பயம் போகவில்லை

எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு கொடுத்தால் ஜனங்கள் சேமிக்க மாட்டார்கள், சேமிப்பு குறைந்தால் முதலீடு குறையும், நாட்டின் வளர்ச்சி படுத்துவிடும் என்று ஒரு வாதம் பொருளாதாரம் படித்தவர்களிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. இதில் முதல் பாதி உண்மை. அதை வைத்துக் காப்பீட்டையே குறை சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தைவானைப் பாருங்கள். 1995 மார்ச்சில் அங்கே நாடு முழுவதற்கும் ஒரே மருத்துவக் காப்பீடு வந்தது. அதற்கு முன்பே அரசு ஊழியர்களின் குடும்பத்தாருக்குக் காப்பீடு இருந்தது. தனியார் கம்பெனித் தொழிலாளிக்கு இருந்தாலும் அவர் வீட்டாருக்குக் கிடையாது. இந்த இரண்டு வகைக் குடும்பங்களையும் ஒப்பிட்டு 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. புதிதாகப் பாதுகாப்பு கிடைத்த வீடுகளில் சேமிப்பு சராசரியாக 8.6 முதல் 13.7 சதவீதம் வரை குறைந்திருந்தது. யாரிடம் அதிகம் குறைந்தது தெரியுமா? இருப்பதிலேயே குறைவாகச் சேமித்துக்கொண்டிருந்தவர்களிடம். அதாவது வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி ஆஸ்பத்திரிக்கென்று எடுத்து வைத்தவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கிறார்கள். இதையா நஷ்டக் கணக்கில் எழுதுவது? தைவான் ஒன்றும் அதனால் படுத்துவிடவில்லை. இன்றைக்கு உலகமே கம்ப்யூட்டர் சிப்புக்கு அந்தத் தீவைத்தான் நம்பியிருக்கிறது.

கல்யாணத்துக்குச் சேர்க்கிற பணம் வேறு, வீடு கட்டச் சேர்க்கிற பணம் வேறு. அவை என்றாவது ஒருநாள் வெளியே வந்து நாலு பேருக்கு வேலை கொடுக்கும். திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாராவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒதுக்குகிற பணத்தை எதற்கும் தொட முடியாது. நகையாகப் பீரோவில் கிடக்கும், இல்லாவிட்டால் போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கில் கிடக்கும்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்க வேண்டும். ஓரம் அடிக்கத் துணியை டவுனுக்குக் கொடுத்தனுப்பி, அதற்கே கூலி போய்க்கொண்டிருக்கிறது. பணம் இல்லாமல் இல்லை. கேட்டால், "அது அம்மாவுக்குத் தம்பி. சுகர் இருக்கு, கால்ல புண்ணு கிண்ணு வந்தா தூக்கிட்டு ஓடணும்ல" என்கிறார். முதலமைச்சர் காப்பீட்டு கார்டு அவரிடம் இருக்கிறது, லேமினேட் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். "கார்டு இருக்கேக்கா?" என்றேன். "இருக்கு. பக்கத்து வீட்டுல அத நம்பித்தான் போனாங்க. ஸ்கேன் இதுல வராது, மருந்து வெளியில வாங்குங்கன்னு சொல்லி, கடைசில செயினக் கொண்டுபோய் வச்சாங்க" என்றார்.

அக்கா சொன்னதற்கு ஆதாரம் சீனாவில் இருக்கிறது. 2003-ல் அங்கே கிராம மக்களுக்கென்று ஒரு கூட்டுறவு மருத்துவக் காப்பீடு தொடங்கினார்கள். சேர்ந்த குடும்பங்கள் மருத்துவம் தவிர்த்த மற்றச் செலவுகளை 5 சதவீதத்துக்கும் மேல் கூட்டின, வீட்டில் யாருக்கும் வைத்தியச் செலவே வராதபோதும். ஏழை வீடுகளில் இது இன்னும் அதிகம். ஆனால் ஊரில் யாராவது நிஜமாகப் பணம் திரும்ப வாங்கியிருந்த கிராமங்களில்தான் இது நடந்தது என்று ஆய்வு செய்த சோங்-என் பை, பின்ஜென் வூ இருவரும் காட்டுகிறார்கள். யாருக்கும் கிடைக்காத ஊரில், கையில் காப்பீடு இருந்தும் ஜனங்கள் பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து நடந்த பெரிய ஆய்விலும் இதே கதைதான். பலரால் காப்பீட்டைப் பயன்படுத்தவே முடியவில்லை. ஊரில் நிறையப் பேரிடம் காப்பீடு இருந்த இடங்களில், ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டு அதிகம் பயன்படுத்தியதற்கு அடையாளம் தெரிந்தது.

நம் திட்டத்தால் பலனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீடாகி, 2018-ல் மத்தியத் திட்டத்தோடு சேர்ந்து 5 லட்சம் ரூபாய் வரை வந்திருக்கிறது. கையில் காசில்லாமல் போய் பைபாஸ் செய்துகொண்டு வந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்திருக்கிறது. நல்ல முன்னேற்றம். இருந்தாலும் அந்தக் கணக்குப்படியே 100 ரூபாயில் 39 ரூபாய் நம் மடியிலிருந்துதான் போனது. சுகருக்கும் பிரஷருக்கும் தனியாரிடம் மாதாமாதம் வாங்குகிற மாத்திரைக்கு இந்த கார்டு உதவாது. தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்தார்கள், வரவேற்கிறேன். அதனால் பாலிசி வாங்குவது சுலபமாகும், க்ளெய்ம் கிடைப்பது சுலபமாகாது.

அதனால் எத்தனை லட்சம் கார்டு கொடுத்தோம் என்ற கணக்கை மட்டும் சொல்லாதீர்கள். கிராம சபையில் வாசியுங்கள்: இந்த ஊராட்சியில் எத்தனை பேர் கார்டோடு போனார்கள், எத்தனை பேருக்கு முழுதாகக் கிடைத்தது, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள், எந்தக் காரணத்துக்காக. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். திட்டத்தில் இருக்கிற சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி தனியாகப் பணம் வாங்கியிருந்தால் அதைத் திருப்பி வாங்கிக் கொடுத்த விவரமும் வேண்டும்.

அடுத்த கிராம சபைக்கு இதை மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரிலும் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், வாசகத்தை கமெண்டில் போடுகிறேன்.