கடனை அடைத்த கையோடு கடன் வாங்கியவன் பேசுகிறேன்

போன வாரம் தங்கைக்கு போனஸ் வந்தது, 80,000 ரூபாய். அன்று இரவே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "மொத்தத்தையும் உன் கல்விக் கடனுக்கு பேங்கில் கட்டிவிடு. நெருப்பிலும் கடனிலும் மிச்சம் வைக்கக் கூடாது." கட்டாதே என்று நான் குறுக்கே விழுந்தேன். அன்றிலிருந்து அப்பா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டி எங்கள் மூவரையும் ஆளாக்கியவர். கடன் என்றால் அவருக்குக் கணக்கு அல்ல, மானம். நானும் ஒரு காலத்தில் அவர் பிள்ளையாகத்தான் நடந்துகொண்டேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2011-இல் பொறியியல் சேர்ந்தேன். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கல்விக் கடன். அந்தத் தொகை வரை சொத்து ஈடு கேட்க மாட்டார்கள், அப்பா கையெழுத்துப் போட்டால் போதும். படிக்கும் நான்கு ஆண்டுகளும், முடித்த பின் ஓர் ஆண்டும் தவணை கிடையாது என்றார்கள். வட்டியும் கிடையாது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். 11 சதவீதத் தனிவட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, அடுத்ததற்கு நான்கு, அப்புறம் மூன்று, இரண்டு. கூட்டினால் 1,54,000. 2016-இல் தவணை தொடங்கியபோது நான் கட்ட வேண்டிய அசல் 5,54,000 ரூபாய்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் இந்த இடைக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-லேயே வந்துவிட்டது. வருமானச் சான்றிதழை நீட்டியிருக்க வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. தங்கை படித்தபோது தாலுகா அலுவலக வாசலில் நானே போய் நின்றேன் என்பது வேறு விஷயம்.

ஏழு ஆண்டுகளுக்கு மாதம் 9,486 ரூபாய் தவணை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 19,000 ரூபாய் சம்பளத்தில் தொடங்கியவன் நான். ஓர் அறையில் நான்கு பேர். ஓவர்டைம், தீபாவளி போனஸ், சீட்டு எடுத்த பணம் என்று கைக்கு வந்ததெல்லாம் அந்த ஒரே கணக்குக்குப் போனது. வண்டி வாங்கவில்லை, ஊருக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான். 2020 ஜனவரியில், கெடுவுக்கு மூன்றரை ஆண்டு முன்பே, கடனை முடித்தேன். வங்கி கொடுத்த 'நிலுவை இல்லை' சான்றிதழுக்கு அப்பா மஞ்சள் தடவிச் சாமி படத்தடியில் வைத்தார். அன்று என் சேமிப்புக் கணக்கில் இருந்தது 2,300 ரூபாய். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மார்ச்சில் ஊரடங்கு. ஏப்ரலில் பாதிச் சம்பளம், மே மாதத்தில் அதுவும் இல்லை. ஊரில் தறிகள் நின்றன. பி.எஃப். முன்பணம் எடுத்தேன், இரண்டு வீட்டுச் செலவில் இரண்டு மாதத்தில் கரைந்தது. அம்மாவிடம் அடகு வைக்க நகை இல்லை, அக்கா கல்யாணத்தோடு போய்விட்டது. கடைசியில் 60,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். 11 சதவீதக் கடனை மார்தட்டி முடித்தவன், ஆறு மாதம் முடிவதற்குள் 36 சதவீதத்துக்குக் கை நீட்டினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெதுவாகக் கட்டிக்கொண்டிருந்த என் அறைத் தோழனுக்கு அந்த மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையை ஒத்திப்போட ரிசர்வ் வங்கியின் சலுகை கிடைத்தது. எனக்குக் கடன் கொடுத்தவர் ரிசர்வ் வங்கி சொல்வதைக் கேட்பவர் அல்லர். மாதம் பிறந்தால் 1,800 ரூபாய், வட்டி மட்டும்.

சீக்கிரம் கட்டியதில் எனக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் வட்டி மிச்சமானது உண்மை. ஆனால் கடன் கணக்கில் போட்ட பணம் போட்டதுதான். ஆபத்துக்குப் போய் நின்றால் வங்கி அதைத் திருப்பித் தராது. நம்மைப் போன்ற வீடுகளில் ஆபத்து வருமா என்பது கேள்வியே அல்ல. எந்த மாதம் வரும் என்பதுதான் தெரியாது.

எதிர்ப்பக்கத்து அறிவுரைகளும் எனக்கு ஒப்பவில்லை. "கல்விக் கடன் வட்டிக்கு வரிச் சலுகை இருக்கிறது, அவசரப்பட்டு அடைக்காதே" என்கிறார்கள். அந்தச் சலுகை எட்டு ஆண்டுகளுக்குத்தான், அதுவும் வட்டிக்கு மட்டும், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். வரியே கட்டாத சம்பளத்துக்கு எதற்குச் சலுகை? இன்னொரு கூட்டம், தள்ளுபடி வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் காத்திருக்கிறது. தவணை 90 நாள் தாண்டினால் வாராக் கடன். பிள்ளையின் சிபில் மதிப்பெண்ணோடு கையெழுத்துப் போட்ட அப்பாவுடையதும் விழும். பிறகு வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது தெரியும்.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். வட்டி மானியம் கிடைத்ததால் அவளுக்கு அசல் நான்கு லட்சத்தோடு நின்றது, வட்டி 10 சதவீதம். பத்து ஆண்டுக் கெடு என்றால் தவணை 5,286 ரூபாய், ஏழு ஆண்டு என்றால் 6,640. ஏழுதான் லாபம், மொத்தத்தில் 76,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனாலும் பத்தாண்டுக் கெடுவையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏழாண்டுத் தவணையை நாமாக மாதாமாதம் கட்டலாம், முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் இல்லை. கூடுதல் தொகையை அசலில் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கை வறண்ட மாதத்தில் 5,286-ஐ மட்டும் கட்டலாம், யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கூடுதலைத் தொடங்குவதற்கு முன் ஆறு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும். அவளுக்கு அது ஒன்றரை லட்சம். இதுவரை சேர்த்திருப்பது 40,000.

நேற்று 50,000 ரூபாயை வைப்புத்தொகையில் போட்டாள், 20,000 ரூபாயைக் கடனில் கட்டினாள். மீதி 10,000 ரூபாய்க்குத் தோழிகளோடு மூணாறு போகிறாளாம். கடனில் கட்டியதும் சரி, மூணாறும் சரி, என் திட்டத்தில் இல்லை. போகட்டும், அந்த வயதில் நான் எங்கும் போகவில்லை. அப்பாவிடம் மூணாறு விவகாரத்தை யார் சொல்வது என்பதுதான் இப்போது வீட்டில் பிரச்சினை.