தவறாகப் போன 34 கேள்விகள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, சிஸ்கோ நிறுவனத்தின் கணினி வலையமைப்புச் சான்றிதழ்த் தேர்வான சிசிஎன்ஏவுக்கு மாதிரித் தேர்வு ஒன்றை எழுத உட்கார்ந்தேன். 100 கேள்விகள், 120 நிமிடங்கள். கைப்பேசியை அணைத்து அடுத்த அறையில் வைத்துவிட்டேன். ஒன்பது மணி வரை யாரும் கதவைத் தட்ட வேண்டாம் என்று வீட்டில் முன்பே சொல்லியிருந்தேன். மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் மட்டும். முடிவில் 66 சரி, 34 தவறு.

இந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் பலர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறார்கள். மாதிரித் தேர்வை அவர்கள் பயன்படுத்தும் விதம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஒன்றை எழுதுகிறார்கள், மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், குறைந்திருந்தால் உடனே அடுத்ததை எழுதுகிறார்கள். நான்காவது முறை அதே கேள்விகள் சுற்றி வரும்போது தொண்ணூறைத் தாண்டுகிறது. தயாராகிவிட்டோம் என்று நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மாதிரித் தேர்வு எழுதும் அந்த இரண்டு மணி நேரம் வெறும் தொடக்கம். தவறாகப் போன ஒவ்வொரு கேள்வியோடும் உட்கார்ந்து மல்லுக்கட்டும் அடுத்த நாட்களில்தான் படிப்பே நடக்கிறது.

என் தாளிலிருந்தே ஒரு கேள்வியைச் சொல்கிறேன். ஒரு ரவுட்டரில், அதாவது ஒரு வலையிலிருந்து இன்னொரு வலைக்குத் தரவை அனுப்பும் கருவியில், மூன்று வழிகள் இருக்கின்றன. சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண்தான் மாஸ்க்; முகவரியின் முதல் எத்தனை பிட்கள் பொருந்த வேண்டும் என்பதை அது சொல்கிறது. 10.20.0.0/16 வலைக்கு, கையால் எழுதிய ஸ்டாட்டிக் வழி. 10.20.4.0/22 வலைக்கு ஓஎஸ்பிஎஃப் சொன்ன வழி. 10.20.6.0/29 வலைக்கு ரிப் சொன்ன வழி. ஓஎஸ்பிஎஃப், ரிப் இரண்டும் ரவுட்டர்கள் தமக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறைகள். 10.20.6.9 என்ற முகவரிக்கு ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) வருகிறது. எந்த வழியில் போகும்?

நான் ஸ்டாட்டிக் வழியைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்டாட்டிக் வழியின் நிர்வாகத் தொலைவு (வழி சொன்ன முறையை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எண்) 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120. எண் குறைந்தது வெல்லும் என்று பல ஆண்டுகளாக மனத்தில் பதிந்திருந்தது. அது தவறு. ஒரே வலையை, ஒரே மாஸ்க்கோடு, இரண்டு வழிமுறைகள் சொல்லும்போதுதான் அந்த எண்ணுக்கு வேலை. மூன்றும் வெவ்வேறு நீளமுள்ளவை என்பதால் மூன்றுமே அட்டவணையில் இடம்பெற்றுவிடும். பாக்கெட் வரும்போது, அந்த முகவரியோடு அதிக பிட்கள் பொருந்தும் வழியைத்தான் ரவுட்டர் எடுக்கும். சரி, மிக நீளமான /29 தானே விடை என்று தோன்றும். கேள்வியை அமைத்தவர் அங்கேயும் ஒரு பள்ளம் தோண்டியிருந்தார். 10.20.6.0/29 என்பது 6.0 முதல் 6.7 வரைதான். 6.9 அதற்கு வெளியே நிற்கிறது. /22 வலையோ 4.0 முதல் 7.255 வரை விரிகிறது. ஆகவே ஓஎஸ்பிஎஃப் வழி.

விளக்கத்தைப் படித்தவுடன் "ஓ, ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். அந்தத் தலையாட்டலை நான் இப்போது நம்புவதில்லை. அன்று மாலை, வலைகளைக் கணினியிலேயே கட்டிப் பார்க்க உதவும் பாக்கெட் டிரேசரைத் திறந்து நான்கு ரவுட்டர்களை இணைத்தேன். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இந்த மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மூன்று வழிகளையும் எழுதிவிட்டு "ஷோ ஐபி ரூட்" கட்டளையைக் கொடுத்தேன். மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. 6.9-க்குப் போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையைக் கொடுத்தேன். ஓஎஸ்பிஎஃப் பக்கம் போனது. அந்த இணைப்பைத் துண்டித்தேன். சற்று நேரத்தில் ஸ்டாட்டிக் வழிக்கு மாறியது. இலக்கை 6.5 என்று மாற்றினேன்; ரிப் பக்கம் திரும்பியது. ஒரே கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் போனது. இனி இந்தக் கேள்வியை எந்த உருவத்தில் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியும்.

இன்னொன்றையும் அந்தத் தாள் காட்டிக்கொடுத்தது. சிசிஎன்ஏ 200-301 பாடத்திட்டத்தில் ஆறு பிரிவுகள் உண்டு. சுவிட்சுகளும் (ஒரே வலைக்குள் கருவிகளை இணைப்பவை) விலான்களும் (ஒரு சுவிட்சுக்குள் பிரித்த தனி வலைகள்) வரும் பிரிவுக்கு 20 சதவீதம், ரவுட்டிங் வரும் பிரிவுக்கு 25 சதவீதம். முதலாவதில் இருபதுக்குப் பதினேழு வாங்கியிருக்கிறேன். இரண்டாவதில் இருபத்தைந்துக்குப் பதின்மூன்று. ஏன் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறேன். என் நாள் முழுவதும் சுவிட்சுகளோடுதான் கழிகிறது. பஞ்சுத் தூசி படிந்த ரேக்கைத் திறந்து, மின்விசிறியைத் துடைத்து, போர்ட்டை விலானில் சேர்த்து மூடுகிறேன். ரவுட்டர் பக்கத்தைத் தலைமை அலுவலகத்தில் வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். எட்டு ஆண்டு அனுபவம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்; எட்டு ஆண்டும் ஒரே பக்கத்து அனுபவம். இதை எந்த மேலதிகாரியும் எனக்குச் சொன்னதில்லை. பிரிவுவாரியாக மதிப்பெண் தராத மாதிரித் தேர்வை எழுதுவதில் அதனால்தான் எனக்கு விருப்பமில்லை. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது என் கண்ணிலேயே பட்டிருக்காது.

இப்போது டம்ப் பற்றி, அதாவது உண்மையான தேர்விலிருந்து கடத்தி விற்கும் கேள்விகள் பற்றி. இதை எழுதும்போது கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

எங்கள் ஆலைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் வந்தான். நல்ல பையன், உழைப்பாளி. சான்றிதழ்த் தேர்வில் உயர்ந்த மதிப்பெண். ஒரு நாள் புதிய இயந்திரப் பிரிவுக்காக விலான் 30-ஐ, பல விலான்களை ஒன்றாகச் சுமக்கும் டிரங்க் இணைப்பில் சேர்க்கச் சொன்னோம். ஏற்கெனவே 10, 20, 40 அதில் ஓடிக்கொண்டிருந்தன. "அலவுடு விலான்" கட்டளையில் "ஆட்" என்ற சொல்லை விட்டுவிட்டு 30 என்று மட்டும் அடித்தான். சுவிட்ச் பழைய பட்டியலை அழித்துவிட்டு 30-ஐ மட்டும் வைத்துக்கொண்டது. இரவு ஷிஃப்ட் மாறும் நேரம். வாயிலில் வருகைப் பதிவு இயந்திரம் நின்றுவிட்டது, தொழிலாளர்கள் வரிசையாக நின்றார்கள், கேமராக்கள் எல்லாம் கறுத்துவிட்டன. நான் போய்ச் சேரும்போது அவன் ரேக் முன்னால் கன்சோல் கேபிளைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். கை நடுங்கியது. பட்டியலை முழுதாகத் திரும்ப எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் தேநீர் குடிக்கும்போது அவனே சொன்னான்: "அண்ணா, இந்தக் கேள்வி எனக்குத் தேர்விலேயே வந்தது. சரியாகத்தான் டிக் செய்தேன். பயிற்சி மையத்தில் கொடுத்த பிடிஎஃப்பில் அப்படியே இருந்தது." விடை எந்த எழுத்து என்பதுவரை அவனுக்கு நினைவிருந்தது. அந்தச் சொல் ஏன் அங்கே வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லவே இல்லை.

அவன்மீது எனக்கு வருத்தம் துளியும் இல்லை. அவன் அப்பாவிடம் பணம் வாங்கிக்கொண்டு, "இதை மட்டும் படித்தால் போதும்" என்று சொல்லி அனுப்பிய அந்த மையத்தின் மீதுதான் கோபம். திருடிய கேள்வித்தாளை மாதிரித் தேர்வு என்ற பெயரில் விற்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மாதிரித் தேர்வு என்பது பாடத்திட்டத்தை வைத்து ஓர் ஆசிரியர் சொந்தமாக யோசித்து எழுதியது. ஒவ்வொரு விடையும் ஏன் சரி, மற்றவை ஏன் தவறு என்று விளக்கம் இருக்கும். டம்ப் என்பது தேர்வறையிலிருந்து வெளியே கடத்திய கேள்விகள். தேர்வு தொடங்கும் முன் ரகசியம் காப்பதாக நாம் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தை மீறாமல் அது வெளியே வர முடியாது. பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகலாம். அந்த அபாயத்தை மையம் ஏற்பதில்லை. பிள்ளைகள் தலையில்தான் அது விழுகிறது.

பழைய சரக்கிலும் கவனமாக இருங்கள். 2020 பிப்ரவரி 24 முதல்தான் 200-301 நடப்பில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அது 1.1 ஆகத் திருத்தப்பட்டது. பப்பெட், ஷெஃப் ஆகிய தானியக்கக் கருவிகள் பாடத்திட்டத்திலிருந்து போய், டெராஃபார்ம் வந்தது. செயற்கை நுண்ணறிவு பற்றியும் சேர்த்தார்கள். உங்கள் கையில் இருக்கும் மாதிரித் தேர்வு இன்னமும் பப்பெட்டையும் ஷெஃப்பையும் கேட்டுக்கொண்டிருந்தால் அதை மூடி வைத்துவிடலாம்.

எழுதும்போது உண்மையான தேர்வின் நெருக்கடியை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். சிஸ்கோ தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர வழியில்லை. மாதிரித் தேர்வு மென்பொருள்கள் பலவற்றில் குறித்து வைத்துவிட்டுப் பிறகு வரலாம் என்ற வசதி உண்டு. அதைத் தொடாதீர்கள். 100 கேள்விகள் என்றால் ஒன்றுக்கு 72 விநாடிதான். 172.16.45.130/27 எந்த சப்நெட்டில் (வலையின் எந்தத் துண்டில்) இருக்கிறது என்று கேட்டால், /27 என்பதால் துண்டுக்கு 32 முகவரிகள் என்று 32, 64, 96, 128 என எண்ணி, 128-இல் தொடங்கி 159-இல் முடிகிறது என்று இருபது விநாடிக்குள் சொல்லிவிட வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்கும் நேரம்தான் செய்முறைக் கேள்விகளுக்குக் கைகொடுக்கும்.

கட்டணம் 300 டாலர். வரியும் சேர்ந்தால் நம் பணத்தில் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. மாதம் பதினைந்தாயிரம் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு அது ஒன்றரை மாதத்துக்கும் மேலான உழைப்பு. தோற்றால் ஐந்து நாள் காத்திருந்து மறுபடியும் முழுக் கட்டணம். அதனால் சொல்கிறேன், முதல் மாதிரித் தேர்வைப் புத்தகம் முழுவதும் முடித்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பாதியிலேயே ஒன்றை எழுதிப் பாருங்கள். மதிப்பெண் குறைவாகத்தான் வரும். மீதி நாட்களை எங்கே செலவழிக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

என் 34 தவறுகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு கேள்வி: நான் என்ன நினைத்தேன், ஏன் நினைத்தேன், பாக்கெட் டிரேசரில் என்ன நடந்தது. அந்தத் தம்பியும் இப்போது என்னோடு உட்காருகிறான். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே முதலிலிருந்து படிக்கிறான். இதுவரை 21 பக்கங்கள் முடிந்திருக்கின்றன. இரண்டு ரவுட்டர்கள், ஒரே ஏரியா, கேபிள் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்ஸ்டார்ட் என்ற இடைநிலையிலேயே, இணைப்பு முழுமையாகாமல் நின்றுவிடுகிறது. இருபத்திரண்டாவது பக்கத்தில் இருப்பது அந்தக் கேள்வி. எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) இரு பக்கமும் பொருந்தாததுதான் காரணம் என்று விளக்கத்தில் போட்டிருக்கிறார்கள். இன்று இரவு உணவுக்குப் பிறகு இருவரும் அதைச் செய்து பார்க்கப் போகிறோம்.