கருவாட்டை விரிக்கவா, அள்ளவா? அதை மட்டும் சொல்லுங்கள்

நாலு நாளாகக் கடைத்தெருவில் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியவில்லை. இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறதாம். தை முடியப் போகிற நேரத்தில் வருகிற கடைசி மழை. வருமா வராதா என்று எங்கள் ஊர் வானிலைப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துகிறார்கள். வானிலையைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்கிறதை மாடல் என்கிறார்கள். ஒரு கட்சிக்கு ஐரோப்பிய மாடல், இன்னொரு கட்சிக்கு அமெரிக்க மாடல். "இருபது சென்டிமீட்டர் உறுதி" என்கிறான் ஒருவன். "இலங்கையைத் தாண்டுறதுக்குள்ள செத்துப் போகும், தூறல்கூடக் கிடையாது" என்கிறான் அடுத்தவன். ஏதோ தேர்தல் முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி இரண்டு பேர் கண்ணும் போனிலேயே இருக்கிறது.

எனக்கு வயிறு எரிகிறது. நாங்கள் தேவிபட்டினம் பக்கம் கருவாடு போடுகிற குடும்பம். மச்சானுக்கு ஒரு பைபர் படகு. அவர் கொண்டு வருகிற மீனில் விலை போகாததைக் கீறி, உப்பில் ஊறப்போட்டு, மணலில் வலையை விரித்துக் காயவைக்கிறோம். இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். மழை என்பது எங்களுக்குப் பந்தயம் கட்டுகிற சமாச்சாரம் இல்லை.

போன தடவையும் இதே கதைதான். சாயங்காலம் ஒரு தம்பி பைக்கில் வந்து, "அண்ணே, ராத்திரி பிச்சு உதறப் போகுது, எல்லாத்தையும் அள்ளிருங்க" என்றான். பாதி காய்ந்த காரலையும் வாளையையும் அள்ளிக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, நாலு மூலையிலும் கல் வைத்தோம். மறுநாள் பளீரென்று வெயில். விரிக்கலாமா என்று கேட்டேன். "பொறுங்கண்ணே, அடுத்த ரன்னுல மாறும்" என்றான். மாடல் புதிதாகப் போடுகிற ஒவ்வொரு கணக்கும் அவனுக்கு ஒரு ரன். அதற்கடுத்த நாளும் வெயில். மூன்றாம் நாள் நானே தார்ப்பாயைத் தூக்கினேன். சூடான ஆவி முகத்தில் அடித்தது. மேலே இருந்த மீன் பரவாயில்லை. அடியில் இருந்தது கொழகொழவென்று போய், செவுள் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. அம்மா குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகக் கையில் எடுத்து, முகர்ந்து பார்த்துப் பிரித்தாள். பாதிக்கு மேல் கோழித் தீவனத்துக்குத்தான் போனது.

அந்தத் தம்பியைப் பார்த்துக் கேட்டேன். "சிஸ்டம் டெல்டா பக்கம் நகர்ந்துருச்சுண்ணே. அங்க பாருங்க, நான் சொன்ன மழை அப்படியே பெஞ்சிருச்சு" என்றான். அவன் முகத்தில் சந்தோஷம். மீன் போனதைவிட அந்தச் சந்தோஷம்தான் எனக்கு ஆறவில்லை.

தம்பிகளே, ராத்திரி கண் விழித்துப் படிக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். அப்புறம் ஏன் அந்த மாடல் எப்படி வேலை செய்கிறது என்பதை எங்களிடம் மறைக்கிறீர்கள்? ஐரோப்பிய மாடல் கடலையும் நிலத்தையும் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது, அமெரிக்க மாடல் சுமார் 13 கிலோமீட்டராக. பாம்பன் தீவுக்கு வடக்கே இருக்கிற வடகடல், தெற்கே இருக்கிற தென்கடல் இரண்டும் பல இடத்தில் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு இவ்வளவு, தங்கச்சிமடத்துக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பது என்ன நியாயம்? ஒரு நாளைக்கு நாலு முறை அது ஓடுகிறது. நாலு முறையும் படத்தைக் காட்டி நாலு பேச்சுப் பேசினால், நாங்கள் நாலு முறை மீனை அள்ளி நாலு முறை விரிக்க முடியுமா?

எங்கள் கரை அப்படிப்பட்ட இடம். இலங்கையைத் தாண்டி வருகிற எதுவும் ஐம்பது, நூறு கிலோமீட்டர் தள்ளினால் போதும், எங்கள் மழை டெல்டாவுக்கோ தூத்துக்குடிக்கோ போய்விடும். தை மாதத்தில் வடக்கேயிருந்து வறண்ட காற்று வேறு உள்ளே புகுந்து மேகத்தைக் கலைத்துவிடும். 2020 டிசம்பரில் புரெவி புயல் திரிகோணமலைப் பக்கம் கரையேறி மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் கடக்கும் என்று காத்திருந்தோம். அது எங்கள் கரைக்கு எதிரிலேயே நகராமல் நின்று வலுவிழந்தது. கொட்டித் தீர்த்தது சிதம்பரம், கொள்ளிடம் பக்கம்.

சரி, எல்லாமே வெறும் மிரட்டல் என்று விட்டுவிடவும் முடியாது. 2024 நவம்பர் 20 அன்று புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. ராமேஸ்வரத்தில் 41 சென்டிமீட்டர், தங்கச்சிமடத்தில் 32. பாம்பனில் மதியம் மூன்று மணி நேரத்தில் மட்டும் 19. அப்படி ஒரு நாள் மறுபடியும் வந்தால், அன்றைக்கு "அள்ளுங்க" என்று யாராவது ஓடி வந்தாலும் எங்கள் தெருவில் எத்தனை பேர் நகருவார்கள்? பொய்யாக அள்ள வைத்தே பழக்கிவிட்டீர்களே!

"ஒண்ணும் வராது" கட்சி மேல் எனக்கு இன்னும் கோபம். மழை வராவிட்டாலும் காற்று வரும். வாடை இறுகினால் வடகடலில் அலை குட்டை குட்டையாக எழுந்து படகைத் தூக்கிப் போடும். காற்று எச்சரிக்கை வந்தால் விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக மீன்துறை அனுமதி டோக்கன் கொடுக்காது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். அதெல்லாம் சும்மா என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்கிறவன் கடலுக்குப் போகிறவனா? ஏப்ரல் 15 வந்தால் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்குள் நாலு காசு பார்க்க வேண்டும் என்று விசைப்படகுக்குப் போகிறவர்கள் தவிக்கிறார்கள். அவர்கள் காதில் விழுகிற மாதிரி இப்படிப் பேசலாமா?

இன்று சாயங்காலமும் அதே தம்பி வந்தான். "அண்ணே, புது ரன் வந்திருச்சு." மழை இருக்கட்டும், காற்று எந்த நேரம் திரும்பும் என்று கேட்டேன். போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அதற்குள் இன்னொருத்தன் வந்து அவனோடு சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டான், நான் எழுந்து வந்துவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு உப்புத் தொட்டியிலிருந்து மீனை எடுத்தாக வேண்டும். விரிப்பதா, தொட்டியிலேயே கிடக்கட்டுமா என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.